ஒரு மாணவன் என்னிடம் சொன்னதை அவன் வீட்டில் சொல்ல வேண்டுமா?

சாக்பீஸ்:
பதினொன்றாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். பதினேழு வருட வேலையில் இப்படி ஒரு குழப்பம் வந்ததில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். மாணவனை அடையாளம் காட்டும் எதையும் எழுத மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் முன்னால் கடைசி பீரியட் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு பையன் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றான். "மிஸ், எனக்குப் பொண்ணுங்க மேல எதுவும் தோணல. பசங்க மேலதான் தோணுது. எட்டாவதுலேர்ந்தே தெரியும்" என்றான். எனக்கு உடனே வார்த்தை வரவில்லை. "சரிப்பா" என்றேன். அப்புறம், "என்கிட்ட சொன்னது நல்லது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. போகும்போது, "வீட்டுக்குத் தெரிய வேண்டாம் மிஸ்" என்று இரண்டு முறை சொன்னான்.

அதற்குப் பிறகுதான் சில விஷயங்கள் என் கண்ணில் படுகின்றன. இன்டர்வெல் நேரத்தில் அவன் டாய்லெட்டுக்குப் போவதே இல்லை, வகுப்பு நடக்கும்போதுதான் அனுமதி கேட்கிறான். இதற்காக நானே அவனைப் பலமுறை திட்டியிருக்கிறேன். இன்டர்வெல்லில் அங்கே சில பையன்கள் நின்றுகொண்டு அவனை ஒன்பது என்று கூப்பிடுகிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. மதிப்பெண்ணும் இறங்கியிருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "நாளைக்கே பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், ஏதாவது ஆனால் உங்கள் தலையில்தான் விழும்" என்கிறார். என்ன செய்யட்டும்?

இருவரின் அப்பா:
டீச்சர், நான் ஒரு அப்பாவாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். எனக்கு இரண்டு பையன்கள், பெரியவனுக்குப் பதினாறு. என் பிள்ளைக்கு வகுப்பில் காய்ச்சல் வந்தால் போன் செய்கிறீர்கள். கீழே விழுந்தால் போன் செய்கிறீர்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு ஆசிரியர் தெரிந்து வைத்துக்கொண்டு என்னிடம் மறைத்தார் என்று பிறகு தெரியவந்தால் நான் அவரை மன்னிக்க மாட்டேன். பிள்ளை "சொல்லாதே" என்பான், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர்கள் நாம்தானே முடிவெடுக்க வேண்டும்.

தாழ்வாரம்:
சொல்லாதீர்கள் டீச்சர். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

என்னுடையதைச் சொல்கிறேன். எனக்குப் பதினைந்து வயது. ஒரு நண்பனுக்கு எழுதிக் கொடுக்காமலே வைத்திருந்த கடிதம் நோட்டுக்குள் இருந்தது, நோட்டுத் திருத்தும்போது ஆசிரியர் அதைப் படித்துவிட்டார். மறுநாள் அப்பாவை வரச் சொன்னார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன், அவர்கள் உள்ளே பேசினார்கள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று பிறகு அம்மா மூலம் தெரிந்தது. "உங்க பையன் நடத்தை சரியில்லை." இதுதான் அந்த வாக்கியம்.

இதை எல்லோரும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க நான் அந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். முதலில் அக்காவிடம், பரீட்சை முடிந்து லீவில் சொல்வது என்று நாள் எல்லாம் வைத்திருந்தேன். "எனக்கு ஒருத்தனைப் பிடிச்சிருக்கு" என்று ஆரம்பிப்பதா, "நான் இப்படி" என்று ஆரம்பிப்பதா என்பதுவரை யோசித்திருந்தேன். நான் சொல்லியிருந்தால் ஒரு பிள்ளை தன் மனதில் இருப்பதைச் சொன்னதாக அது வீட்டுக்குள் வந்திருக்கும். ஆசிரியர் சொன்னதால் புகாராக வந்தது. இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "ஸ்கூல்ல வந்த பிரச்சினை"தான். திருட்டு, சிகரெட் மாதிரியான வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது, அங்கிருந்து அதை வெளியே எடுக்க என்னால் முடியவே இல்லை.

அப்பா அடிக்கவில்லை. ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டார், மூன்று வருடம். ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள், ஆறு மாதத்தில் மாறிவிடும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூக்கம்தான் வரும். அந்த வருடப் பரீட்சையில் இரண்டு பாடத்தில் தோற்றேன். எதுவும் மாறவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரின் அப்பா:
தம்பி, உங்களுக்கு நடந்தது தப்பு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எல்லா அப்பாக்களும் அப்படி இல்லை.

தாழ்வாரம்:
உண்மைதான் சார். ஆனால் இந்தப் பையனின் அப்பா எப்படிப்பட்டவர் என்று டீச்சருக்குத் தெரியாது. பதினாறு வருடமாகக் கூடவே இருப்பதால் அவனுக்குத் தெரியும். அவன்தான் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

மருந்தும் மனமும்:
மனநல மருத்துவம் படித்தவள் நான். காய்ச்சலோடு ஒப்பிட்டது மேலே வந்ததால் எழுதுகிறேன்.

காய்ச்சல் ஒரு நோய். இது நோய் இல்லை. இது நேற்றைய நாகரிகக் கருத்தும் இல்லை. 1957-இல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு செய்தார். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எதிர்பாலீர்ப்புள்ள ஆண்கள் 30 பேர், எல்லோரிடமும் உளவியல் சோதனைகள் நடத்தி, யார் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மனநலத்தில் வேறுபாடும் காணவில்லை. அதற்குப் பிறகும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்க 1973 டிசம்பர் வரை ஆனது. உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990 மே 17-இல்.

மாத்திரை கொடுத்து மாற்றுகிறேன் என்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973 மாற்றத்தில் முக்கியப் பங்கு வகித்த ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மருத்துவரே, பிற்பாடு 200 பேரிடம் பேசி, சிலர் மாற முடியும் என்று 2003-இல் கட்டுரை எழுதினார். உலகம் முழுக்க அதைக் காட்டிக் காட்டிப் பெற்றோரிடம் பணம் பிடுங்கினார்கள். 2012-இல் அவரே அந்த ஆய்வு தவறு என்று ஒப்புக்கொண்டு தன்பாலீர்ப்பாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வயதான காலத்தில் அதைச் செய்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் அந்த அறைகளுக்குள் இழுத்துப் போகப்பட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் இப்படிப்பட்ட 'சிகிச்சை'களுக்குத் தடை சொன்னது. அந்த வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதைப் பற்றி முழுப் புரிதல் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாக எழுதி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். பெரிய நாற்காலியில் இருப்பவரே அப்படிச் செய்யலாம் என்றால் நாமும் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. கெய்ட்லின் ரையன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள, 21 முதல் 25 வயதுவரையிலான 224 பேரிடம் கேட்டார்கள். வீட்டில் மிகக் கடுமையான நிராகரிப்பைச் சந்தித்தவர்கள், நிராகரிப்பே இல்லாதவர்களையோ குறைவாகச் சந்தித்தவர்களையோவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். வீடு என்ன சொல்கிறது என்பது ஒரு பிள்ளையின் உயிர் விஷயம். அதனால்தான் வீடு தயாராக இருக்கிறதா என்று தெரியாமல் செய்தியை உள்ளே எறியக் கூடாது என்கிறேன்.

இருவரின் அப்பா:
சரி, நோய் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பதினாறு வயதில் அது உறுதியாகத் தெரியுமா? வயதுக் குழப்பமாக இருந்தால்?

இரண்டாம் பெஞ்ச்:
அண்ணா, உங்களுக்குப் பெண்கள்மேல் ஈர்ப்பு இருக்கிறது என்று உங்களுக்கு எந்த வயதில் தெரிந்தது? அப்போது யாராவது, கொஞ்சம் பொறு, இது வயதுக் குழப்பமாக இருக்கலாம் என்று உங்களிடம் சொன்னார்களா?

கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன். சில பேருக்குப் பின்னால் வேறு மாதிரித் தெளிவாகும், அதுவும் உண்டு. நானே முதலில் எனக்குப் பெண்களை மட்டும்தான் பிடிக்கும் என்று நினைத்தேன், பிறகு இருபாலீர்ப்பு என்று புரிந்தது. அதனால் முதலில் சொன்னது பொய் ஆகிவிடவில்லை. அன்று என் பேச்சைக் கேட்டவர்களால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை. 'குழப்பம்' என்று சொன்னவர்களிடம் நான் அதற்குப் பிறகு எதையுமே சொல்லவில்லை, நல்ல செய்தியைக்கூட.

இன்னொன்று, பெண் பிள்ளைகளுக்கு இது வேறு மாதிரி நடக்கும். இரண்டு பெண்கள் எப்போதும் கை கோத்துக்கொண்டு திரிந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், "நெருங்கின தோழிகள்" என்பார்கள். பள்ளியில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அது நல்லது என்று நினைப்பீர்கள். ஆனால் நான் ஒருத்தியை உயிருக்கு உயிராக நேசித்து, அவள் வேறு ஊருக்குப் போய்விட்டபோது இழவு வீட்டில் அழுவதுபோல் அழுதேன், "ஃப்ரெண்டு போனதுக்கா இவ்வளவு அழுகை" என்றார்கள். என் துக்கத்துக்குப் பெயரே இல்லை. பிறகு கல்யாணப் பேச்சு எடுக்கும்போதுதான் வீட்டுக்கு முதன்முதலாக விஷயம் உறைக்கிறது, அதுவும் பிடிவாதம் என்ற பெயரில்.

புதுப்பெயர்:
இழையில் இரண்டு விஷயம் கலந்துவிடாமல் இருக்க ஒரு வார்த்தை. யார்மேல் ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. நான் யார் என்பது பாலின அடையாளம். நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள், நான் ஆண். டீச்சர் சொல்லும் பையனுக்குத் தான் பையன் என்பதில் சந்தேகம் இல்லை, அவனுக்குப் பிடித்தது பையன்களை. அவனைப் போய் ஒன்பது என்று கூப்பிடுகிறார்கள் என்றால், கூப்பிடுகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆண் மாதிரி இல்லாதவன் என்று அவர்கள் முடிவுகட்டிய எல்லோருக்கும் அந்த ஒரே எண்.

எனக்குப் பள்ளியில் வலித்தது வேறு இடங்களில். தினமும் காலையில் வருகைப் பதிவு. அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். அங்கே உண்மையில் நான் இல்லையே. ஒரு கணக்கு வாத்தியார் மட்டும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார், எல்லோரையும்தான், எனக்காக இல்லை. ஆனாலும் நாள் முழுக்க அந்த ஒரு பீரியடுக்குக் காத்திருப்பேன்.

நல்ல சொற்கள் இப்போது இருக்கின்றன. 2022-இல் தமிழ்நாடு அரசே எங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. நான் படித்த காலத்தில் எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல வசைச்சொல் மட்டும்தான் தெரியும்.

அவன் அம்மா:
இருவரின் அப்பாவுக்காகவே இதை எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் இருந்திருக்கிறேன்.

என் மகன் பத்தொன்பது வயதில் என்னிடம் சொன்னான். ராத்திரி, லைட் எல்லாம் அணைத்த பிறகு, கதவருகே நின்று சொன்னான். முகம் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இருட்டும்வரை காத்திருந்திருக்கிறான், அது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. நான் சொன்ன முதல் வாக்கியம், "யார்கிட்டயும் சொல்லாதேப்பா." அவனைக் காப்பாற்றத்தான் சொன்னேன், சத்தியமாக. ஊர் பேசும், அவன் அப்பா தாங்க மாட்டார், வேலை கிடைக்காது, எல்லாம் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது. அப்புறம் அழுதேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவி, "அழாதேம்மா, ஒண்ணும் ஆகாது" என்றான். எவ்வளவு அநியாயம் பாருங்கள். அன்றைக்கு ஆறுதல் தேவைப்பட்டது அவனுக்கு, அதையும் அவனிடமே நான் வாங்கிக்கொண்டேன்.

நான்கு வருடம் கழித்து ஒருநாள் சண்டையில் சொன்னான்: "நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னப்போ, நான் அசிங்கம்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு." நான் நினைத்தது ஒன்று, அவன் காதில் விழுந்தது ஒன்று.

ஜீன் மேன்ஃபர்ட் என்று ஒரு அம்மா, தொடக்கப் பள்ளி ஆசிரியை. 1972-இல் நியூயார்க்கில் நடந்த தன்பாலீர்ப்பாளர் ஊர்வலத்தில் தன் மகனோடு நடந்தார், பெற்றோர்களே நம் பிள்ளைகளுக்காக ஒன்று சேருங்கள் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு. அடுத்த வருடம் பெற்றோர்களுக்கென்றே ஒரு கூட்டம் ஆரம்பித்தார், அது பிற்பாடு பெரிய அமைப்பானது. அவருடைய படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது, இவருக்கு எப்படி முடிந்தது என்று. எனக்கு மேடையும் வேண்டாம், அட்டையும் வேண்டாம், அந்த இருட்டில் "வா, உட்கார்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

டீச்சர், பையன் உங்களிடம் சொன்னது உங்களைச் சோதிக்கத்தான். பெரியவர் ஒருவரிடம் சொன்னால் என்ன ஆகிறது என்று பார்க்கிறான். நீங்கள் காப்பாற்றினால்தான் அடுத்து அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரும்.

பள்ளி ஆலோசகர்:
நடைமுறைக்கு வருகிறேன். டீச்சரின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

டாய்லெட் பக்கம் நடப்பது வன்முறை. அதைத் தலைமையாசிரியரிடம் கட்டாயம் கொண்டுபோக வேண்டும், இன்றைக்கே. ஆனால் அங்கே சில பையன்கள் நின்று ஒருவனை மிரட்டுகிறார்கள் என்று சொல்வதற்கு, மிரட்டப்படுகிறவன் யாரை நேசிக்கிறான் என்று சொல்லத் தேவையே இல்லை. குண்டாக இருப்பவனைக் கேலி செய்தால் அவன் எடையைக் குறிப்பேட்டில் எழுதியா புகார் கொடுப்போம்?

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேமி நபோஸ்னி என்ற தன்பாலீர்ப்புள்ள மாணவர் ஏழாம் வகுப்பிலிருந்தே அடி வாங்கினார், கழிப்பறையிலும் தாக்கப்பட்டார். பெற்றோரும் அவரும் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தபோது பள்ளி நிர்வாகம், பையன்கள் என்றால் அப்படித்தான், நீ இப்படி இருந்தால் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றது. 1996-இல் நீதிமன்றம் பள்ளியின் பொறுப்பாளர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றது. "ஏதாவது ஆனால் உங்கள் தலையில்தான் விழும்" என்று உங்கள் சக ஆசிரியர் சொன்னாரே, உண்மையில் தலையில் விழுவது இதுதான். ரகசியம் காத்ததற்காக விழுவதைவிடக் கண் முன்னால் நடந்ததைத் தடுக்காததற்காக விழும்.

2011-இல் மார்க் ஹாட்சன்ப்யூலர் ஒரேகன் மாநிலத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 32,000 பேரின் தகவலை ஆராய்ந்தார். சுற்றுச்சூழலும் பள்ளி விதிகளும் ஆதரவாக இல்லாத இடங்களில் தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள பிள்ளைகளின் தற்கொலை முயற்சி ஆபத்து 20 சதவீதம் அதிகம். அதே பிள்ளைகள், அதே ஈர்ப்பு, சுற்றியிருப்பவர்கள்தான் வேறு.

வீட்டில் சொல்வது அவன் முடிவு. ஒரே ஒரு விலக்கு, உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் நினைத்தால் தனியாகச் சுமக்காதீர்கள். அப்போதும் ஆபத்தை மட்டும் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள், சொல்லப் போகிறேன் என்பதை அவனிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். "செத்துப்போகலாம்போல இருக்கா" என்று அவனிடம் நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வராது.

சாக்பீஸ்:
மன்னிக்கவும், பதினெட்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தாழ்வாரம் எழுதியதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் எத்தனையோ பெற்றோரைக் கூப்பிட்டு "நடத்தை சரியில்லை" என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாராவது இப்படி வெளியே நின்றிருப்பார்களா என்று ஒவ்வொரு முகமாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. அவனிடம் நேராகக் கேட்டேன், உயிர் பற்றியும் கேட்டேன். "அப்படி இல்ல மிஸ், களைப்பாத்தான் இருக்கு" என்றான். வாரம் ஒருமுறை அதே கேள்வியைக் கேட்பேன், பரவாயில்லையா என்றேன், சரி என்றான். வீட்டில் யாரிடமாவது எப்போதாவது சொல்வதாக இருந்தால் யாரிடம் என்று கேட்டபோது யோசிக்காமல் "சித்தி" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

தலைமையாசிரியரிடம் டாய்லெட் விஷயத்தை மட்டும் சொன்னேன். ஆலோசகர் சொன்ன மாதிரியே, யார் பெயரும் இல்லாமல். அவர் முதலில் பையன்கள் விளையாட்டு என்றார், விடாமல் மூன்று நாள் போய் நின்றேன். இப்போது இன்டர்வெல்லில் அந்த வராந்தாவில் நானும் பி.டி. சாரும் மாறி மாறி நிற்கிறோம். வகுப்பில் அந்த எண்ணைக் கிண்டலாகச் சொன்ன ஒருவனை நிறுத்தி, "இந்த வகுப்பில் யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பதினேழு வருடத்தில் இதை முதல் முறையாகச் சொல்கிறேன், அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. முந்தாநாள் இன்டர்வெல்லில் அவன் என்னைத் தாண்டி டாய்லெட்டுக்குள் போனான், என்னைப் பார்க்கவே இல்லை, சாதாரணமாகப் போனான்.

தாழ்வாரம்:
நன்றி டீச்சர்.

இருவரின் அப்பா:
நான் ஆரம்பத்தில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், தாழ்வாரம் தம்பி சொல்லுங்கள். ஒரு பிள்ளை தானாக வந்து சொல்ல வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒரு அப்பா என்ன செய்திருக்க வேண்டும்?

தாழ்வாரம்:
எங்கள் அப்பா டிவியில் எங்களைப் போன்ற யாராவது வந்தால் ஒரு சத்தம் எழுப்பிவிட்டுச் சேனலை மாற்றுவார். எனக்கு ஆறு வயதிலிருந்து அந்தச் சத்தம் தெரியும். மற்றபடி நல்ல மனிதர் சார். அந்தச் சத்தம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கடிதம் நோட்டுக்குள் இருந்திருக்காது, அவரிடமே காட்டியிருப்பேன் என்று சில நாள் தோன்றும்.

இருவரின் அப்பா:
நான் சத்தம் எழுப்ப மாட்டேன், சிரிப்பேன். பையன்களையும் பார்த்துச் சிரிப்பேன், அவர்களும் சிரிப்பார்கள்.

நேற்று இரவு அப்படி ஒரு காட்சி வந்தது. நான் சிரிக்கவில்லை, சேனலையும் மாற்றவில்லை. சின்னவன் போனில் இருந்தான். பெரியவன் திரும்பி என் முகத்தை ஒருமுறை பார்த்தான், பிறகு டிவியைப் பார்த்தான். யாரும் எதுவும் பேசவில்லை. காட்சி முடியும்வரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.